இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள்

என் கையெழுத்தைப் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு அதிகம் எழுதியதெல்லாம் இரும்புக் குழாய்களின் மேல் சாக்கட்டியால் போட்ட அளவுகள்தான். எழுத்து ஒரு பக்கமாகச் சாயும். எந்த ர, எந்த ற என்பது எனக்கு இன்னும் தகராறுதான். பிழை இருக்கிற இடத்தில் சரியானதைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. சைக்கிள் கடை என்று சொல்வார்கள். ஆனால் பஞ்சர் ஒட்டுவதும் வாடகைக்கு விடுவதும் என் வேலை இல்லை. அதற்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறையக் கடைகள் இருக்கின்றன. நான் பிரேம் கட்டுகிறவன். கம்பெனியிலிருந்து வரும் சைக்கிள் ஒரே அளவில் வருகிறது. ஆட்கள் அப்படி இல்லை. ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்குப் பின்பக்கம் நீளமாக வேண்டும். பால்காரருக்கு இரண்டு பக்கமும் கேன் தொங்க வேண்டும், ஆனால் குதிகாலில் இடிக்கக் கூடாது. சாணை பிடிக்கிறவர் ஸ்டாண்டு போட்டு நின்ற இடத்திலேயே மிதித்தால் கல் சுற்ற வேண்டும். ஒரு கால் சூம்பிப்போனவருக்கு அந்தப் பக்கத்துப் பெடல் உயர்ந்து இருக்க வேண்டும். அவரவர் உடம்புக்கும் தொழிலுக்கும் தக்கபடி குழாயை அறுத்து, சேர்த்து, பித்தளை ஊற்றிக் கட்டிக் கொடுப்பேன்.

வேலை கற்றது ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊருக்குத் திரும்பி இந்தக் கொட்டகையைப் போட்டேன். பின்னால் ஓர் அறை, அதில் படுக்கை. சாப்பாடு எதிர்த்த டீக்கடையில். ஒரே அக்கா. வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தது. பொங்கலுக்குப் போய்வருவேன். எனக்குப் பெண் பார்க்க இரண்டு மூன்று இடத்துக்குக் கூட்டிப்போனாள். நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வாய் திறக்காது. மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவும் விட்டுவிட்டாள்.

பித்தளை ஊற்றுவது என்னைப் போன்றவனுக்கு வசதியான வேலை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸ் தீயைக் குழாயின் மேல் பிடிக்க வேண்டும். இடுக்கில் தூவிய வெங்காரப் பொடி முதலில் பொங்கும், பிறகு உருகிக் கண்ணாடி போல் படரும். குழாய் நல்ல சிவப்பு ஏறியதும் பித்தளைக் கம்பியைத் தொட்டால் இடுக்குக்குள் தானாக ஓடிப்போய் நிரம்பும். சூடு கூடினால் குழாய் வெந்துபோகும். குறைந்தால் பித்தளை மேலேயே உருண்டு நிற்கும். அந்த நேரத்தில் யார் வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க முடியாது, பதில் சொல்ல முடியாது. வந்தவர்களும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு ஆட்களின் முகம் அவ்வளவாக ஞாபகம் இருக்காது. நிமிர்ந்து பார்த்தால்தானே இருக்கும். கால் ஞாபகம் இருக்கும். இடுப்பிலிருந்து குதிகால் வரை என்ன நீளம், முழங்கால் எப்படி மடங்குகிறது என்று பார்த்தே பழகிவிட்டேன். வருகிறவரைச் சுவரோரமாக நிறுத்தி இடுப்பு உயரத்தில் சாக்கட்டியால் கோடு போடுவேன். கொட்டகைச் சுவர் முழுக்கக் கோடுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம், ஒரு அம்மா வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். கொட்டகைக்குப் பெண்கள் வருவதில்லை. வழி கேட்க வந்திருப்பார் என்று நினைத்து அரத்தைக் கீழே வைக்காமலே இருந்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் சேந்து மிதிக்க மாதிரி ஒரு சைக்கிள் கட்டித் தருவியளா?"

யார் இரண்டு பேர் என்று கேட்டேன்.

"நானும் எங்க வீட்டு அவுகளும்."

அப்படி ஒரு சைக்கிளின் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பால் பேரிங் சுற்றி வந்த வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள் அது. முன்னால் தொப்பி போட்ட ஆண், பின்னால் சிரித்துக்கொண்டு ஒரு பெண், நாலு பெடல். அதைக் கிழித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். என்றைக்காவது ஒன்று கட்ட வேண்டும் என்று ஆசை. யாருக்குக் கட்ட? கேட்டு வர ஆள் இல்லை. இப்போது ஒருவர் வந்து நிற்கிறார்.

அந்த அம்மா விவரம் சொன்னார். வீட்டுக்காரர் பிரம்பு நாற்காலி பின்னுகிறவர். பள்ளிக்கூடம், ஆபீஸ், பெரிய வீடுகள் என்று ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். இவரும் கூடப் போய்ப் பிரம்பை நனைத்துச் சீவிக் கொடுக்க வேண்டும். பிரம்புக் கட்டை பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். ஏற்றினாலும் திரும்பி வருவதற்குப் பஸ் இருக்காது. இப்போது மதுரையில் ஒரு பட்டறையில் அவரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சாப்பாடும் இடமும் தருவார்கள். ஆனால் ஆண்கள் மட்டுந்தான் தங்கலாம்.

"அவுக அங்கன, நான் ராயகிரியில எங்க அண்ணன் வீட்டுல. கிறிஸ்மஸ் கழிஞ்சதும் வரச் சொல்லுதாக. வண்டி ஒண்ணு இருந்தா நாங்க இங்கனயே இருந்துக்கிடுவோம் அண்ணாச்சி."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சொன்னேன். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று அவருடைய அளவுக்கு ஒரு பிரம்பைச் சீவிக் கொண்டுவந்திருந்தார். இடுப்பு உயரத்துக்கு ஒரு முடிச்சு, கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. தன்னுடைய அளவுக்குச் சுவரோரம் நிற்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். ஒரு பெண்ணைச் சுவரில் நிறுத்திக் கோடு போட எனக்குத் தைரியம் இல்லை. அவர் தரையில் ஊன்றிப் பிடித்திருந்த குடை சரியாக இடுப்புக்கு வந்தது. குடையைப் பெஞ்சில் வைக்கச் சொல்லி அதை அளந்துகொண்டேன்.

முன்னால் யார் உட்காருவது என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண் ஓட்டுவான், பெண் கேரியரில் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். என்னிடம் இருந்த படத்திலும் அப்படித்தான். அதனால் முன்பக்கம் ஆண்கள் சைக்கிளுக்கு உள்ளது போல உயர்ந்த பார், பின்பக்கம் சேலையோடு ஏறுவதற்குத் தோதாகத் தாழ்ந்த பார் என்று மனதுக்குள் அன்றைக்கே கட்டி முடித்துவிட்டேன்.

பிரேமுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நீளத்துக்குக் குழாய் கோணாமல் நிற்க வேண்டும். மட்டமான பட்டியக்கல்லின் மேல் படுக்கப்போட்டு, நெசவு நூலை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு ஜாயிண்டாக ஊற்றினேன். முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு செயினால் சேர்த்தேன். நாலு பெடலும் ஒன்றாகத்தான் சுற்றும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியாக வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில்பார், ஆனால் அது திரும்பாது.

ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க முடியாது. கனம் இருந்தால்தான் பிரேம் வளைகிறதா என்று தெரியும். பின் சீட்டில் உட்கார வைக்க எனக்கு ஆள் இல்லை. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடுவதற்கு ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்தேன். இன்னாரைக் கேட்கலாம் என்று ஒருவர்கூட மனதில் வரவில்லை. கடைசியில் ஒரு சாக்கில் மணலைக் கட்டிப் பின் சீட்டில் வைத்து இறுக்கிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்வந்தேன். திரும்பும்போது டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்னவே, பின்னால யாரு? பொண்ணு பேசவே மாட்டேங்கு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டும் பேசாது. நல்ல ஜோடிதான்வே" என்றார் இன்னொருவர்.

நானும் சிரித்துவைத்தேன். மணல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது அவர்கள் பார்க்காமல் கொட்டகைக்குள் வைத்து அவிழ்த்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மா முன்னால். வீட்டுக்காரர் பின்னால், ஒரு கை அந்த அம்மாவின் தோளில். வழக்கம்போல் நான் காலைத்தான் பார்த்தேன். பிரம்பு சொன்ன நீளம்தான். ஆனால் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பதிந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அவருக்கு இரண்டு கண்ணும் இல்லை.

கையில் இருந்த ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் வண்டி எங்கே என்று கேட்டு, பின்சக்கரத்தில் கையை வைத்தார். பிரம்பு பின்னுகிற விரல்கள், மெதுவாகத் தொட்டுக்கொண்டே முன்னால் வந்தார். பின் சீட்டைப் பிடித்தார். சீட்டுக்கு முன்னால் பாரைத் தேடிக் கை காற்றில் போயிற்று, கீழே இறங்கித் தாழ்ந்த பாரைக் கண்டுபிடித்தது. அப்புறம் முன் சீட்டுக்கு வந்து உயர்ந்த பாரைத் தொட்டார். அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீதான் முன்னால ஓட்டுவேன்னு அண்ணாச்சிட்ட சொன்னியா?"

அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சிக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். உங்களத்தான் ஊருக்கே தெரியுமே."

"அண்ணாச்சி, என்னை முன்னால வச்சியன்னா ராயகிரிக்குக் கெளம்புன வண்டி கெணத்துலதான் போயி நிக்கும்" என்று சொல்லி அவரே சிரித்தார்.

அது உண்மைதான். அவரை ஊருக்கே தெரியும். ஆபீஸ் வராந்தாக்களிலும் பள்ளிக்கூடத்து மரத்தடிகளிலும் உட்கார்ந்து வருடக்கணக்காக வேலை செய்கிறவர். எங்கும் போகாதவனுக்கு மட்டுந்தான் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் தான் முன்னால் உட்கார்ந்து ஓட்டப்போவதை ஒரு வேற்று ஆணிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கிறது. சொன்னால் சிரிப்பேனோ என்று நினைத்தாராம். சின்ன வயதில் ராயகிரியில் அண்ணனின் சைக்கிளில் ஓட்டிப் பழகியதாக அன்றைக்குத்தான் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு அதில்தான் போய்வந்தாராம்.

சேலையோடு அந்த உயர்ந்த பாரைத் தாண்ட முடியாது. மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றோம். கிறிஸ்துமஸுக்கு அதிக நாள் இல்லை. மதுரைக்காரர்களுக்கு வருகிறேன் என்றோ இல்லை என்றோ அவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் குழாயைப் பார்த்துக்கொண்டு, "மாத்திரலாம்" என்றேன்.

முன்பக்கத்தை அறுத்தேன். வெறுமனே பாரைத் தாழ்த்திவிட்டால் போதாது. இவ்வளவு நீள வண்டியில் முன்பக்கம் பலமில்லாமல் போனால் இறக்கத்தில் ஹேண்டில் ஆடும். அதனால் முன்னால் ஹேண்டில் குழாயிலிருந்து பின்சக்கரத்து அச்சு வரைக்கும், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, இரண்டு ஒல்லிக் குழாய்களைச் சாய்வாக ஓடவிட்டேன். நடுவில் இரண்டு சீட்டுக் குழாய்களோடும் சேர்த்து ஊற்றினேன். பின் சீட்டுக்கு உயர்ந்த பார் வைத்தேன். எடுத்த வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

முடிந்ததும் மறுபடியும் மணல் சாக்கை எடுத்தேன். அப்போது பிரம்புக்காரர் வந்திருந்தார். மணல் சத்தம் கேட்டு எதற்கு என்றார், சொன்னேன்.

"நான் வாரேன் அண்ணாச்சி. மண்ணு மூட்டைக்கு நான் கொஞ்சம் தேவல. கால் இருக்கு."

அவரைப் பின்னால் உட்கார வைத்து நான் முன்னால் ஏறினேன். கிளம்பின இடத்திலேயே விழுந்தோம். நான் வலது பெடலை மேலே கொண்டுவரப் பார்த்தேன், அவர் இடதை மிதித்துவிட்டார். ரோட்டோரத்து முள்ளில் சாய்ந்தோம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவர் முழங்கையில் குத்திய முள்ளைத் தடவி எடுத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க வாயத் தொறந்து சொன்னாத்தான அண்ணாச்சி எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது நியாயம். எல்லோரும் என் மௌனத்தைப் பார்த்து அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்கள். இவரால் அது முடியாது. நான் பேசாவிட்டால் இவருக்கு ரோடு இல்லை. அதனால் சொல்லத் தொடங்கினேன். மிதி. விடு. பள்ளம். வலது பக்கம் திரும்புதோம். மேடு, அழுத்து. முதல் நாள் பாதி வார்த்தை பள்ளத்தைத் தாண்டின பிறகுதான் வந்தது.

"வண்டி வருது" என்று நான் சொன்னால் அவர் விடமாட்டார். என்ன வண்டி? மாட்டு வண்டி. என்ன பாரம்? பருத்தி. மாடு எப்படி? ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, கறுப்புக்கு ஒரு கொம்பு இல்லை. அப்படியா என்று சந்தோஷப்படுவார். இரண்டு மூன்று நாளில் அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மேற்கே மலை மேல் மேகம் இறங்கி இருக்கிறது, பாதி மலையைக் காணவில்லை. ஒருவன் இரண்டு ஆட்டுக்குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். வயலில் நாற்றுக் கட்டு கிடக்கிறது. கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் பேசிக்கொண்டே போய்ப் பேசிக்கொண்டே திரும்பினோம். நான் அவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயினால் சேர்த்த பெடல் என்பதால் அவருடைய மிதி என் காலுக்கு வந்து சேரும். ஏற்றத்தில் நான் தளர்கிற நேரத்தில் பெடல் தானாகக் கீழே இறங்கும். பின்னால் ஒரு ஆள் இருப்பதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். இத்தனை வருடம் சைக்கிள் கட்டியும் அது எனக்குத் தெரியாது.

ஊர் எல்லையில் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்போதெல்லாம் டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள்.

"டபுள்ஸா போறிய?"

நான் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து பிரம்புக்காரர், "ஐயா, டபுள்ஸுன்னா ஒருத்தன் மிதிப்பான், ஒருத்தன் சும்மா வருவான். இங்கன நாலு காலும் வேல செய்யுது. நல்லா பாருங்க" என்றார். போலீஸ்காரர் சுற்றி வந்து குனிந்து செயினைப் பார்த்தார். எங்கே கட்டியது என்று கேட்டார். நான் கட்டியது என்று சொன்னேன். ஒருமுறை பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போங்கவே" என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவின் முறை. சந்தை இல்லாத நாளில் சந்தைப் பொட்டலில் வைத்துப் பழகினார்கள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண் முன்னால் இருந்து ஓட்ட, ஆண் பின்னால் இருந்து வருவதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

"சொகமாத்தான் வாராரு. பொம்பளைய ஓட்ட விட்டுட்டு" என்று ஒருவன் சொன்னான்.

பிரம்புக்காரர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சொகமாலே? எறங்குதேன், நீ ஏறி மிதிச்சுப் பாரு. நாளைக்குக் காலைல எழுந்திருக்க மாட்டே."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்து வேர்த்து ஊற்றியது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு திரும்பவும் ஏறினார். இரண்டு தடவை விழுந்தார்கள். மூன்றாவது நாள் நான் கேரியரிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அவர்களுக்குத் தெரியாது. பொட்டலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்கள். அந்த அம்மா வழி சொல்கிற விதம் வேறு. குழி, மேடு, நாய், அவ்வளவுதான். அவர் என்ன நாய் என்று கேட்டால், "நாய்தான், மிதிங்க" என்பார்.

வண்டி அவர்களுக்குப் பழகிவிட்டது. இனி மதுரைக்குப் போக வேண்டாம். சொன்னபடி முடித்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதி இருக்கத்தானே வேண்டும். இருந்தது. ஆனால் வண்டியை எடுக்க அவர்கள் வந்த அன்று, பச்சைப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்து பளபளவென்று நின்றபோது, இன்னொரு கோட்டு அடித்துத் தரட்டுமா, இரண்டு நாள் இருந்தால் போதும் என்று கேட்டேன். அந்த அம்மா வேண்டாம் அண்ணாச்சி, இதுவே போதும் என்றார். பிரம்புக்காரர் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்திவிட்டு ஏறினார். பிரம்புக் கட்டை வண்டியோடு நீளவாக்கில் கட்டியிருந்தார்கள். வாசலைத் தாண்டும்போது "குழி" என்று கேட்டது. டீக்கடையைத் தாண்டும்போது "லாரி, லாரி" என்று கேட்டது. பிறகு லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். வேட்டி துவைத்து வைத்திருந்தேன். விருந்துக்கு நாலு பேர் வந்திருக்கிற வீட்டில் போய் என்ன பேசுவது என்று யோசித்தே நேரம் போய்விட்டது. சாயங்காலம் அவர்களே வண்டியில் வந்தார்கள். நான் ஒரு ஜாயிண்டுக்குப் பித்தளை ஊற்றிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினபோது பெஞ்சில் ஒரு தூக்குச்சட்டி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாலு வருடம் அந்த வண்டி எங்கள் ரோட்டில் ஓடியது. முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் பழகிவிட்டது. நான் கொட்டகைக்குள் இருந்தபடியே முதலில் அந்த அம்மாவின் குரலைக் கேட்பேன், பிறகு செயின் சத்தம். கொட்டகையைத் தாண்டும்போது அவர் மணியை இரண்டு தடவை அடிப்பார். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் போயிருப்பார்கள். எண்ணெய் போடவும் சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் எப்போதாவது வருவார்கள். அப்போது பிரம்புக்காரர் இன்ன ஊரில் இன்ன நாற்காலி பின்னினேன் என்று சொல்வார். அவர் சொல்வார், நான் கேட்பேன். சைக்கிளில் முன்னால் இருந்தபோது வந்த பேச்சு தரையில் நின்றால் எனக்கு வரவில்லை.

ஒரு வருடம் எங்கள் கோயில் ஆடித்தபசுத் திருவிழா கழிந்த சமயம், அந்த அம்மா மாசமாக இருப்பதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடம் கழித்து என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். கூடவே இன்னொன்று தோன்றியது. இனி அந்த அம்மா கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓட்ட முடியாது. பிரம்புக்காரருக்கு முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

அவரே வந்து கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் "நான் வாரேன்" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தையை வேலை செய்யும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கையில் இருந்த வேலைகளைச் சீக்கிரம் முடித்தேன். புதிதாக வந்தவற்றை ஒத்திப்போட்டேன். நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை அந்தத் தெரு வரைக்கும் போனேன். அங்கே போய் நின்றதும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் வண்டி வந்தது. முன்னால் ஒரு இளவட்டம், நல்ல நீளக் கால். அந்த அம்மாவின் தம்பியாம். ராயகிரியிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கி இருக்கிறானாம். முன் சீட்டு அவனுக்குத் தாழ்வாக இருக்கிறது, ஏற்றித் தர வேண்டும்.

"இனிமே இவன்தான் அண்ணாச்சி, பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் வரைக்கும். நல்லா மிதிக்கான்" என்றார் பிரம்புக்காரர்.

நல்லது என்றேன். அவர்கள் இரண்டு பேரும் எதிரே டீ குடிக்கப் போனார்கள்.

சீட்டை ஏற்றி இறுக்குவது ஒரு நிமிஷ வேலை. முடித்துவிட்டேன். வண்டி ஸ்டாண்டில் நின்றது. எத்தனையோ தடவை முன்னால் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். பின் சீட்டில் ஒருதடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். திரும்பாத அந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி மிதித்தேன். சக்கரம் சுற்றுகிற காற்று காலில் பட்டது. கண்ணைத் திறந்தபோது எனக்கு முன்னால் முன் பெடல்கள் இரண்டும் ஆள் இல்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன.

"சத்தம் கேக்குதே, என்ன பண்ணுதிய அண்ணாச்சி?" என்று ரோட்டிலிருந்து பிரம்புக்காரர் கேட்டார். டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

இறங்கிவிட்டேன். "செயின் பாக்கேன்" என்றேன்.

அவர்கள் ஏறினார்கள். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் பெடலை அழுத்தினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பிரம்புக்காரர் காலை ஊன்றிச் சமாளித்தார். எனக்கு எப்படித்தான் வந்ததோ, வாசலில் இறங்கிப்போய் முன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, கெளம்பும்போது மிதின்னு சொல்லணும். பள்ளம் வந்தா முந்தியே சொல்லணும். எதுக்க வண்டி வந்தா என்ன வண்டின்னும் சொல்லு, அவரு கேப்பாரு. மாடு எப்படி இருக்கு, மலை தெரியுதா, எல்லாம் கேப்பாரு. சடைக்காமச் சொல்லணும்."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினான். பிரம்புக்காரர் என் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ கேட்க வந்தார். அதற்குள் பையன் "மிதிங்க அத்தான்" என்றான். வண்டி நேராகக் கிளம்பியது. மணல் லாரி ஒன்று எதிரே வந்தது. பையன் சத்தமாக அதைச் சொன்னான். நான் கொட்டகைக்குள் வந்து தீயைப் பற்றவைத்தேன்.

29.11.1988, செவ்வாய்க்கிழமை.